தெரிந்த கை, தெரியாத கை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்தப் பேராசிரியருக்குக் குறிக்கோள் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவருடைய அறைக் கதவில் பித்தளைப் பலகையாகத் தொங்கியதே தவிர, யார் வாயிலும் வந்ததில்லை. யார் எதைச் சொன்னாலும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இதன் குறிக்கோள் என்ன?" என்று கேட்பார். வகுப்பு நடுவில் கழிப்பறைக்குப் போக எழுந்த மாணவனிடமே ஒரு தடவை கேட்டுவிட்டார். அவன் சொன்ன பதிலுக்கு வகுப்பு மொத்தமும் ஒரு வாரம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு கல்லூரியை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் அவர் ஒரு மாதிரிப் பாடம் நடத்தினார். அந்த வரலாற்றை மாணவர்கள் ஒவ்வொரு பாடவேளையிலும் கேட்டாக வேண்டும். "நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. எல்லாக் கைகளும்! அதுதான் குழந்தைகளை ஈர்ப்பது என்பது" என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவார். கைதட்டலுக்கு இடம் விடுகிறார் என்று, வகுப்பில் எல்லாரையும் விட மூத்த மாணவியான அவளுக்கு முதல் மாதமே புரிந்துவிட்டது.

இன்று அவளுடைய இறுதிக் கற்பித்தல் தேர்வு. பின் பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடப் போவது குறிக்கோள். தேறினால் வரும் பருவத்தில் அதே பள்ளியில் ஒரு காலியிடம் இருக்கிறது. தேறாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம். கல்லூரி அதை மிகவும் தாராளமாகச் சொல்லும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வருஷம் என்பது ஒரு விடுமுறை மாதிரி. அவளிடம் இன்னொரு வருஷம் இல்லை. இருந்ததையெல்லாம் செலவழித்துத்தான் இந்த வருஷத்தையே ஓட்டியிருந்தாள்.

காலையில் கல்லூரி. மதியத்திலிருந்து, குடிநீர் வடிகட்டி விற்கிற கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ள அத்தனை கோபத்தையும் அவள் காது வழியாக வடிகட்டி அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எட்டு வயதில் ஒரு மகள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். வாண்டின் அப்பா வெளியூரில் வேலை தேடிப் போனவர். வேலை கிடைத்தது. கூடவே இன்னொரு குடும்பமும் கிடைத்தது. மனுஷர் எதிலும் அரைகுறையாக நிற்கிற ஆள் இல்லை.

கல்லூரியில் எல்லாரும் அவளை மாரத்தான் அக்கா என்பார்கள். பஸ்ஸிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து பஸ்ஸுக்கும் அவள் நடந்து போய் யாரும் பார்த்ததில்லை.

தேர்வு நாள் காலை, தலை வாரும்போது போன் வந்தது. வாண்டு படிக்கும் பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்து வகுப்பெல்லாம் குளமாம். இன்று விடுமுறை.

"ஐ!" என்றாள் வாண்டு.

அம்மா சீப்பைத் தலையில் செருகியபடியே மாடிக்கு ஓடினாள். அவசரத்துக்கு வாண்டைப் பார்த்துக்கொள்வது மாடியில் தையல் தைக்கிற அக்காதான். கதவில் பூட்டுத் தொங்கியது. போன் அடித்தால், "தங்கச்சி வீட்டுல இருக்கேன்மா, நாளைக்குத்தான் வருவேன். ஏன், ஏதாவது தலை போற காரியமா?" என்றாள்.

"இல்லக்கா, சும்மாதான்" என்றாள் இவள். தலை போகிற காரியம்தான். தலையில் சீப்போடு போகிறது.

படியில் நின்றே வேலை இடத்து டீம் லீடருக்குப் போன் செய்தாள். மீசை இன்னும் முழுசாக முளைக்காத பையன், அவளை விடப் பத்து வயது சின்னவன். "மேடம், நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பது அவனுடைய வழக்கமான தொடக்கம். அந்தச் சொல் காதில் விழுந்தால் லீவு இல்லை என்று அர்த்தம்.

"தம்பி, இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் லேட்டா..."

"மேடம், நாமெல்லாம் ஒரே குடும்பம்..."

"சரி தம்பி. டைமுக்கு வந்துடுறேன்."

பஸ்ஸில் வாண்டை மடியில் வைத்துக்கொண்டு பாடத் திட்டத்தை மனசுக்குள் ஓட்டினாள். அறிமுகம், வழங்கல், செயல்பாடு, தொகுப்புரை, மதிப்பீடு, வீட்டுப்பாடம். குறிக்கோள் இந்த ஆறு படிகளை ஏறாத எதையும் பாடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். பாடம்: ஆவியாதல். கரும்பலகையில் ஈரத் துணியால் ஒரு வட்டம் போடுவது, அது காய்ந்து மறைவது, தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்பது. கேட்டதும் கைகள் உயர வேண்டும். உயராவிட்டால்? நினைத்ததுமே உள்ளங்கை வேர்த்தது. அது மட்டும் ஆவியாகவே இல்லை.

"இங்க பாருடி" என்றாள் மகளிடம். "அங்க வெளியாளுங்க யாரும் இருக்கக் கூடாது. அது ரூல். அதனால நீ கடைசி பெஞ்சுல கம்முனு உக்காரணும். என்னை அம்மான்னு கூப்பிடக் கூடாது."

"அப்புறம் எப்படிக் கூப்பிட?"

"டீச்சர்னு."

"நீ இன்னும் டீச்சரே ஆவலையே."

"அதுக்குத்தான்டி போறோம்! யாராவது பேர், ஊர் கேட்டா வாயத் திறக்காத."

வாண்டு ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். ஒளிந்து விளையாடுகிற சந்தோஷம் அவள் கண்ணில் மின்னியது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கூடுதலாகப் பயம் வந்தது.

பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். ஓய்வு பெற இன்னும் நிறைய வருஷம் இருந்தாலும், முகத்தில் போன வாரமே ஓய்வு பெற்றுவிட்ட ஒரு நிம்மதி இருக்கும். வாண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"புது அட்மிஷன். இன்னும் யூனிஃபார்ம் தைக்கலை. சரியா? போய்க் கடைசி பெஞ்சுல உக்காரு கண்ணு" என்றார். பிறகு இவள் பக்கம் குனிந்து, "பிள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சுட்டேன். கேள்வி கேட்டா எல்லாக் கையும் மேல போகும். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நீங்க வலது கையா பார்த்துக் கேளுங்க. அவ்வளவுதான் விஷயம்."

"மேடம், இது... தப்பில்லையா?"

"எது தப்பு? தெரியாத பிள்ளையும் கை தூக்குது இல்ல? அதுக்கும் ஒரு உடற்பயிற்சி."

அவள் மறுத்திருக்க வேண்டும். பஸ்ஸில் நாலைந்து தடவை யோசித்துப் பார்த்த அந்த "உயராவிட்டால்?" இப்போதும் கூடவே வந்து நின்றது. தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் வேறொன்று உறைத்தது. வாண்டு இடது கைப் பழக்கக்காரி. எழுதுவது, சாப்பிடுவது, அம்மாவின் முதுகில் அடிப்பது எல்லாமே இடது. ஓடிப் போய் அவளிடம் கையே தூக்காதே என்று சொல்வதற்குள் குறிக்கோள் உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர் நேரே கடைசி பெஞ்சுக்குப் போனார். தனக்காகப் போட்டிருந்த நாற்காலியை வாண்டின் பக்கத்தில் இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். "தொடங்கலாம்" என்றார், ஏதோ கப்பலை வெள்ளோட்டம் விடுகிற மாதிரி.

அவள் ஈரத் துணியால் கரும்பலகையில் வட்டம் போட்டாள். அவசரத்தில் வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. கடைசியில் நடுவில் ஒரு பொட்டு மட்டும் நின்று, அதுவும் போயிற்று.

"தண்ணி எங்க போச்சு?"

கைகள் உயர்ந்தன. அத்தனை கைகளும். வலது கையாகத் தேடி ஒரு பெண்ணைக் கேட்டாள். "ஆவியா மாறிக் காத்துல கலந்துடுச்சு டீச்சர்!" அடுத்த கேள்வி, அடுத்த வலது கை, அடுத்த சரியான பதில். பின்னால் குறிக்கோளின் தலை மெல்ல ஆடுவது தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடது கை, கூரையைத் தொடுகிற மாதிரி, பெஞ்சிலிருந்து பாதி எழுந்து நின்று ஆடியது. அவள் பார்வையை அந்தப் பக்கமே விடவில்லை. பேச விட்டால் அம்மா என்று ஆரம்பித்துவிடுவாள். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் கை உயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கண் அதற்கு முந்தின பெஞ்சோடு திரும்பியது.

மூன்றாம் படி வரை கப்பல் நன்றாகவே மிதந்தது. அப்போது குறிக்கோளுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. எழுந்து நின்றார்.

"அற்புதம். எல்லாக் கைகளும்! நானும் ஒரு கேள்வி கேட்கலாமா?" அனுமதிக்குக் காத்திராமல், "வெயிலே இல்லாத அறையில் துணி காயுமா? காய்ந்தால் எப்படி?" என்றார்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பெரும்பாலும் இடது. அவருக்கு இடதும் வலதும் ஒன்றுதான். முன் வரிசையில் ஒரு குண்டுப் பையனைக் காட்டினார்.

பையன் எழுந்தான். கையை மட்டும் இறக்கவில்லை.

"சொல்லு தம்பி."

"மறந்துட்டேன் சார்."

"பரவாயில்லை. நீ?"

இன்னொரு இடது கை. அவனும் மறந்திருந்தான். மூன்றாவதாக இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். பொய் சொல்லிப் பழகாத முகம். அவளுக்கு நியாயமான கோபம் வந்திருந்தது.

"சார், நான் இடது கை சார்."

"அதனால் என்ன?"

"இடது கைன்னா கேக்கக் கூடாது சார். தெரியாதுன்னு அர்த்தம். அதுக்குத்தானே இந்தக் கையைத் தூக்குறோம்?"

நாலாம் வகுப்பு டீச்சர் ஜன்னல் வழியாக வெளியே எதையோ மிகுந்த அக்கறையுடன் பார்க்க ஆரம்பித்தார். குறிக்கோள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஆனால் கேள்வி வரவில்லை. அவருடைய வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தின் குறிக்கோள் அவருக்குக் கேட்காமலே புரிந்துவிட்டது.

பக்கத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். "உனக்கும் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்!" என்றாள் வாண்டு. "எனக்கு இதான் கை!"

"உன் பேர் என்ன?"

"சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

அவ்வளவுதான் என்று நினைத்தாள் அம்மா. வருஷம் போயிற்று. பள்ளி வேலை போயிற்று. இன்னொரு வருஷம் பஸ், இன்னொரு வருஷம் காதுக் கருவி, இன்னொரு வருஷம் மாடிப் படியில் சீப்போடு ஓட்டம். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்றதும் குரல் மட்டும் எப்படியோ வெளியே வந்தது.

"சார், அது என் பொண்ணு. ஸ்கூல் லீவு. விட்டுட்டு வர ஆள் இல்ல. கை விஷயமும் உண்மைதான் சார்."

அவர் உட்கார்ந்தார். பேனா மூடியைத் திருகினார். "பாடவேளை இன்னும் முடியவில்லை. தொடருங்கள்" என்றார். பல்லைப் பிடுங்கிவிட்டு வாயை மூடலாம் என்கிற பல் டாக்டர் மாதிரி ஒரு குரல்.

எதைத் தொடர்வது? ஆறு படியில் ஒரு படி கூட ஞாபகத்தில் இல்லை. முன்னால் முப்பது முகங்கள். இடது கைக்காரர்கள் எல்லாரும் குற்றவாளி மாதிரிக் கையை மடியில் ஒளித்துக்கொண்டிருந்தார்கள். வேலை இடத்தில் இதே போல்தான், என்ன சொல்வதென்று தெரியாதபோது ஒரே ஒரு வாக்கியம் மிச்சம் இருக்கும். அது தானாக வந்தது.

"சரி, என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் குண்டுப் பையன் அதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டான்.

"டீச்சர், ஆவின்னா சூடா இருக்கணும்ல? அடுப்பே இல்லாம எப்படி ஆவி வரும்?"

"நல்ல பிரச்சினை. வேற?"

"தண்ணி காத்துல போச்சுன்னா, காத்து ஏன் நனையல?" இது இன்னொரு பையன்.

"நனைஞ்சா நாம எல்லாரும் நனைஞ்சிருப்போம்டா, லூசு" என்றாள் வலது கைப் பெண்.

"நீ சும்மா இரு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"இருங்க இருங்க, ஒவ்வொருத்தரா" என்றாள் அவள். காலையிலிருந்து ஓடிய கால்கள் அப்போதுதான் தரையைத் தொட்ட மாதிரி இருந்தது. இத்தனை நேரம் "ஆவியா மாறிக் காத்துல கலந்துடுச்சு" என்று கத்தியதில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. அதைக் கேட்காமல் இருப்பதற்கு எத்தனை ஏற்பாடு! துணி நனைக்க வைத்திருந்த சின்னக் கிண்ணத்துத் தண்ணீரை எடுத்தாள். குண்டுப் பையன் அதை விரலால் தொட்டுப் பார்த்து, "சூடே இல்ல டீச்சர்" என்றான். அவன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். "ஊது" என்றாள். ஊதினான். "ஜில்லுனு இருக்கு!" என்றான். காய்ந்ததும், "போயிடுச்சு... அடுப்பு இல்லாமயே போயிடுச்சு" என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பின்னால் அந்தக் கை இன்னும் இறங்கவில்லை. வலி எடுத்து, வாண்டு அதை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி" என்றாள் அம்மா.

வாண்டு எழுந்தாள். "எங்க ரூம்ல வெயிலே வராது. உள்ளயே கயிறு கட்டித் துணி காயப் போடுவோம். காலையில துணி காஞ்சிருக்கும், ஜன்னல் கண்ணாடி நனைஞ்சிருக்கும். நான் அதுல படம் போடுவேன். அப்ப துணியில இருந்த தண்ணி காத்துல நடந்து போய்க் கண்ணாடியில உக்காந்துக்குது டீச்சர்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க அம்மாதான் அதப் பார்த்துட்டு செவுரெல்லாம் ஈரம்னு கத்துவாங்க."

வகுப்பு சிரித்தது. அம்மா சிரிப்பதா அழுவதா என்று தீர்மானிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. தொகுப்புரை இல்லை, மதிப்பீடு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. காத்து ஏன் நனையவில்லை என்று கேட்ட பையன் வாசலில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஆசிரியர் அறையில் குறிக்கோள் நின்றுகொண்டே பேசினார். உட்கார்ந்தால் கோபம் குறைந்துவிடும் என்று பயந்த மாதிரி. "எழுதிய குறிக்கோள் ஒன்று, நடந்தது வேறு. ஆறில் மூன்று படிகள் இல்லை. வெளியாள் ஒருவரை வகுப்பில் மறைத்து வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கை! அது கல்விக்கே அவமானம். நான் என் மாதிரிப் பாடத்தில்..."

"சார்" என்றார் நாலாம் வகுப்பு டீச்சர் வாசலிலிருந்து. "அவங்களைத் திட்டாதீங்க சார். கை விஷயம் நான் சொல்லிக் குடுத்தது. பார்வைக்குன்னு யார் வந்தாலும் செய்யறதுதான்."

"யார் வந்தாலும் என்றால்?"

"பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்க, ஆபீஸ்ல இருந்து வர்றவங்க..." டீச்சர் தயங்கினார். தயக்கம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. "போன வருஷம் நீங்க பாடம் எடுத்தப்பவும்தான் சார். நல்லா அமையட்டுமேன்னு. உங்ககிட்ட சொல்லல. தேவைப்படல. தெரிஞ்ச பிள்ளைங்களையெல்லாம் முன் பெஞ்சுல உக்கார வெச்சுட்டேன். நீங்க முன் பெஞ்சைத் தாண்டி யாரையும் கேக்கல சார்."

அவள் தரையைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்தாலும் குறிக்கோளின் முகம் தெரிந்தது. பெரிய பலூனில் காற்று இறங்கும்போது ஒரு சத்தமாவது வரும். இங்கே அதுவும் இல்லை. மனுஷர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. அதை இறக்க வேண்டும் என்று தோன்றவில்லை போல.

கடைசியில், "தேர்ச்சிக்கு வேண்டியதைப் போட்டிருக்கேன்" என்றார். ஏட்டுத் தமிழ் போய்ச் சாதாரணப் பேச்சு வந்திருந்தது. "ஒரு மார்க்கு கூடக் கூடுதலா இல்ல. அப்புறம்... இந்தக் கை விஷயத்தைக் காலேஜுல யார்கிட்டயும் பேச வேண்டாம்."

"சரிங்க சார்."

தேர்ச்சி. அந்தச் சொல்லுக்காக ஒரு வருஷமாக ஓடியவள், அது கைக்கு வந்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாடத்துக்குப் போட்டதா, வாயை மூடுவதற்குப் போட்டதா? வாங்கிக்கொண்டு போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. கதவு வரை போனவள் திரும்பினாள்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. பாடம் எப்படி இருந்துச்சு?"

அவர் பதில் சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தாள்.

"காத்து ஏன் நனையலன்னு அந்தப் பையன் கேட்டான். நீங்க அவனுக்குப் பதில் சொல்லல."

"மணி அடிச்சிடுச்சு சார்."

"அவன் இன்னும் அதையேதான் யோசிச்சிட்டிருப்பான். நாளைக்கு வந்து சொல்லிட்டுப் போங்க." பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "என் வகுப்புல யாரும் அப்படி எதுவும் கேக்கல" என்றார்.

நாளைக்கு என்றால் கல்லூரி தொடங்குவதற்கு முன்னால் வர வேண்டும், வாண்டைச் சீக்கிரம் எழுப்ப வேண்டும், முந்தின பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. "வர்றேன் சார்" என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் ஓடினார்கள். பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த 'ஒரே குடும்பம்' கூப்பிடுகிறது. இன்று வாண்டை அலுவலகத்தில் எந்த மேசைக்கடியில் உட்கார வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

"பாஸா?" என்றாள் வாண்டு மூச்சிரைக்க.

"பாஸ்."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"பழகிடுச்சுடி. மாற நாளாகும்."

வாண்டு கொஞ்ச தூரம் ஓடினாள். பிறகு கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"அம்மா, அந்த சாரு கேள்வி கேட்டாருல்ல? எல்லாரும் கை தூக்கினோம். அவரு மட்டும் எந்தக் கையும் தூக்கல. அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி, நடுத்தெருவில் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதற்குள் தெருமுக்கில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"ஓடுடி!" என்றாள்.